கரியர் இல்லாத சைக்கிள்

"கள்ளனை முத்தத்தில நிப்பாட்டி வைச்சுத் தேத்தண்ணி குடுக்கிற வீடு உலகத்திலயே இது ஒண்டுதான்!"

விமலேஸ்வரி போட்ட சத்தத்தில் குளக்கட்டில் இருந்த கொக்குகள் கிளம்பிவிட்டன. வேலிக்கு அப்பால் நின்ற சனம் கிளம்பவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தது.

"அவன்தான் எடுத்தவன் எண்டு ஆர் கண்டது?" என்றார் அவருடைய கணவர் செல்வநாயகம். கையில் தேநீர்த் தட்டம். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் தட்டம் தூக்கியதை ஊர் அன்றுதான் பார்த்தது.

"ஆர் காணவேணும்? பத்து நாளா அந்தச் சைக்கிளைத் தடவித் தடவிப் பாத்துக்கொண்டு திரிஞ்சவன் ஆர்? இந்தா, வாயில கொழுக்கட்டையோட நிக்கிறான்!"

வாயில் கொழுக்கட்டை இல்லாவிட்டாலும், முற்றத்து நடுவில் நின்ற சதீஸ் பேசவில்லைத்தான்.

"மாமி, சத்தம் போடாதேங்கோ," என்றான் சுதாகரன், மாமியைவிடச் சத்தமாக. "பன்ரெண்டு மணி வரைக்கும் பாப்பன். சைக்கிள் வராட்டி மாங்குளம் பொலிசுக்குப் போய் இவன்ர பேரில என்ட்ரி போடுவன்."

"பொலிஸ் ஏன் தம்பி? அது எங்கை போகப்போகுது, வந்திடும். தேத்தண்ணியைக் குடியும்."

"சைக்கிள் தானா நடந்து வருமோ மாமா?"

தாமரைக்கிராய் பெரிய ஊர் இல்லை. மாங்குளத்தில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் ஒரு குளம், குளத்தைச் சுற்றிச் செஞ்சரளை கொட்டிய கிறவல் பாதை, பாதைக்கு மறுபுறம் கோரையும் தாமரையும் மண்டிய சதுப்பு, மிச்ச இடத்தில் செல்வநாயகம் போன்றவர்களின் வயல். அவ்வளவுதான். செல்வநாயகத்தின் அக்கா மகன் சுதாகரன் சுவிசிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு சைக்கிளையும் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தான். கிறவலில் ஓடுவதற்கென்றே செய்த சைக்கிளாம். ஒற்றைக் கையால் தூக்கலாம். மலை ஏறி ஏறிக் களைத்தவனுக்கு, மேடுமில்லாமல் பள்ளமுமில்லாமல் தண்ணீருக்கு நடுவே கோடு கிழித்தாற்போல் போகும் எங்கள் பாதைகளைக் கண்டதும் பித்துப் பிடித்துவிட்டது. விடிந்தால் சைக்கிள், பொழுதுபட்டால் சைக்கிள். பாதை காட்டிக்கொடுத்தவன் சதீஸ்.

சதீஸின் பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவன் பறவைகளின் பெயரெல்லாம் சொல்லுவான். சதுப்பைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் வேலைக்கு விண்ணப்பித்து, மறுநாள் கிளிநொச்சியில் அவனுக்கு நேர்முகம். அரசாங்க வேலை. பொலிசில் பெயர் ஏறினால் அந்த வேலை மட்டுமல்ல, அடுத்த வேலையும் இல்லை. இது எல்லாருக்கும் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. செல்வநாயகம் தம் மகள் யதுர்ஷிகாவைச் சுதாகரனுக்குக் கட்டிக்கொடுக்க நினைத்திருந்தார். சுதாகரனுக்கும் யதுர்ஷிகாவுக்கும் மட்டும்தான் அதை இன்னும் சொல்லவில்லை.

"விடியப்புறம் எங்கையடா நிண்டனி?" என்று பத்தாவது தடவையாகக் கேட்டார் விமலேஸ்வரி.

"அதைச் சொல்ல ஏலாது அம்மா," என்று பத்தாவது தடவையாகச் சொன்னான் சதீஸ்.

இந்த இடத்தில்தான் படலையைத் திறந்துகொண்டு இராசேஸ்வரி மிஸ் வந்தார். முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்து, ஒட்டிய உறையைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லப் பழகியவர். ஓய்வு பெற்றபின் உறைகளுக்குப் பதில் ஊராரின் முகங்கள். போன மாதம் காணாமல்போன ஆட்டுக்கடாவை, சொந்தக்காரரின் ஏப்பத்தை வைத்தே கண்டுபிடித்தார். பின்னாலே வந்தவர் சந்தியில் சைக்கிள் திருத்தும் மாயாண்டி. அவரை யாரும் உதவிக்கு வைக்கவில்லை. வாய் சும்மா இருக்காததால் தானாகச் சேர்ந்துகொண்டவர்.

மிஸ் ஒருவரையும் பார்க்கவில்லை. விறாந்தை யன்னலைப் பார்த்தார். நீலத்துணியில் மயில் போட்ட திரைச்சீலைகள். ஒன்று மட்டும் முழங்கால் அளவுக்குக் கட்டை.

"விமலா, ஏன் இது கட்டையாய்க் கிடக்கு?"

"எலி வெட்டிப்போட்டுதாம், இவர்தான் சொன்னார். இப்ப அதுவோ முக்கியம்?"

"நல்ல எலி," என்றார் மிஸ். "அடிமட்டம் வைச்சு வெட்டியிருக்கு. சுதாகரன், பன்ரெண்டு வரைக்கும் நேரம் தந்தனீர்தானே? மாயாண்டி, சைக்கிளை எடும்."

*

இரவு பெய்த மழை பாதையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தது. அதில் எழுதியிருந்ததெல்லாம் அன்று காலையில் எழுதியது.

"இதுதான் அதோட ரயர்," என்று குனிந்தார் மாயாண்டி. பாகற்காய்த் தோலை உருட்டிவிட்டாற்போல் ஒரு தடம் படலையிலிருந்து குளக்கட்டுக்கு ஏறியது. பக்கத்திலேயே செருப்புத் தடம்.

"ஏறி ஓடேல்லை. தள்ளிக்கொண்டு போயிருக்கு," என்றார் மிஸ்.

"ஓடத் தெரிஞ்சவன் தள்ளமாட்டான் மிஸ். சதீஸ் அந்தச் சைக்கிள்ல ரெண்டு தரம் குளத்தையே சுத்தினவன்."

"ஓடத் தெரிஞ்சும் ஏறமுடியாதவனும் இருப்பான்தானே. சீற் அந்தளவு உயரம். சாறத்தோட ஏறிப் பாரும்."

மாயாண்டி தம் சாறத்தைக் குனிந்து பார்த்தார். அந்தச் சோதனையை வேண்டாமென்று விட்டுவிட்டார்.

இருபது அடிக்கு ஒரு சேற்றுக்குட்டை. எந்தக் குட்டையிலும் பாகற்காய்த் தடம் இறங்கவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போனது. செருப்புத்தான் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. ஓரிடத்தில் பூவரசம் இலைகள் நாலைந்து கசங்கிக் கிடந்தன, சேறு துடைத்த அடையாளத்தோடு.

"பாத்தீங்களா மிஸ்? குளிப்பாட்டிக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கான். இந்தக் கள்ளனுக்கு நான் சம்பளம் குடுத்துக் கடையில வைச்சிருப்பன்."

கொஞ்சத் தூரத்தில் மாயாண்டியின் கால் தானாக நின்றது. செருப்புத் தடத்தின் மேலாக இன்னும் இரண்டு சைக்கிள்கள் போயிருந்தன, அருகருகே. ஒன்று மொட்டை ரயர். மாற்றச்சொல்லி ஆறு மாதமாக அவர் கெஞ்சிக்கொண்டிருந்த ரயர் அது; சதீஸுடையது. மற்றதில் ஏழடிக்கு ஒருதரம் ஒரு குறுக்குத் தையலின் அச்சு. அந்தத் தையலைப் போன கிழமை போட்டது மாயாண்டியின் சொந்தக் கை. சைக்கிளோ யதுர்ஷிகாவுடையது.

மாயாண்டி வாயைத் திறந்தார்.

"கண்டனான்," என்றார் மிஸ். "வாயை மூடும்."

"மிஸ், இதை உள்ள வைச்சிருந்தா எனக்கு வயித்தால போகும்."

"போகட்டும். அது அந்தப் பிள்ளை சொல்லவேண்டிய கதை. நீரும் நானும் சொல்லுற கதை இல்லை."

குளத்து மதகான துருசடியில் பாதை பிரிந்தது. சோடிச் சைக்கிள்கள் இடப்பக்கம், கட்டோடு, குளத்து மிகைநீர் வழியும் வான் பக்கமாகப் போயிருந்தன. நாரைகள் கூடு கட்டும் இடம் அங்கேதான். பாகற்காய்த் தடம் வலப்பக்கம் சதுப்புக்குள் இறங்கியது. எல்லாவற்றின் மேலும் எருமைக் குளம்புகள் மிதித்திருந்தன.

"எருமைப்பட்டி எத்தனை மணிக்குத் துருசைக் கடக்கும்?"

"வெயில் விழுந்தோடன. ஆறரைக்குப் பிந்தாது."

"அப்ப கள்ளனும் ஆறரைக்கு முந்தி இஞ்சால போயிட்டான், சதீசும் ஆறரைக்கு முந்தி அங்கால போயிட்டான். ஒரு ஆள் ரெண்டு பக்கம் போகேலாது."

"பொலிசுக்கு இது போதும்தானே?"

"பொலிசுக்குக் காணும். விமலேஸ்வரிக்குக் காணாது."

சதுப்புப் பாதையில் இருவரும் மிதித்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே சிவப்புக் கிறவல், மிதிக்காவிட்டாலும் பாதி வழி போகலாம் போன்ற சமதரை. மிஸ்ஸின் லேடீஸ் சைக்கிள் கிறீச்சிட்டது.

"முதலை கிடக்கிற இடம் மிஸ்."

"பயமோ?"

"எனக்கென்ன பயம்? வந்தா நீங்க ரெண்டு கேள்வி கேளுங்க, அதுவே தண்ணிக்குள்ள போய் ஒளிச்சுக்கும்."

மருதமரத்தின் கீழே பாதை முழுக்க வெள்ளைத் துளிகள். மாயாண்டி தலைக்கு மேலே கை வைத்துக்கொண்டு தாண்டினார். கொக்குகளுக்கு மரியாதை தெரியாது. மரம் முடிந்தது. துளிகள் முடியவில்லை.

மிஸ் பிறேக் பிடித்தார். "மேல என்ன இருக்கு?"

"வானம்."

"வானத்துக்கு வயித்தோட்டமோ?"

மாயாண்டி ஒரு துளியைத் தொட்டார். இறப்பர்ப் பால்போல் விரலில் இழுபட்டது. அவருடைய முகம் மலர்ந்தது. இது அவருடைய இலாகா. "இது ரியூப் இல்லாத ரயர் மிஸ். உள்ள பால் மாதிரி மருந்து ஊத்தி வைச்சிருப்பாங்க. முள்ளுக் குத்தினா அந்தப் பால் தானாவே ஓட்டையை அடைக்கும். சக்கரத்தைக் கடகடன்னு சுத்தணும், அவ்வளவுதான். சதீஸுக்கு இது தெரியும், சுதாகரன் என் கடையில வைச்சுத்தான் காட்டினார்."

"இவனுக்குத் தெரியேல்லை." மிஸ் பாதையோரத்தில் கிடந்த எதையோ எடுத்தார். பெருவிரல் அளவு களிமண் உருண்டை. புல்லை நறுக்கிப் போட்டுப் பிசைந்து, இழுத்து அழுத்தியது. உள்பக்கத்தில் வெள்ளைப் பால் காய்ந்திருந்தது. "ரயர் ஒழுகினால் புல்லும் களியும் குழைச்சு அடைக்கிறவன் ஆர்?"

மாயாண்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வரம்பு உடைஞ்சா அப்படித்தான் அடைப்பாங்க. வயல்காரன்!"

"நல்ல வயல்காரன். பிசைஞ்ச பக்குவத்தைப் பாரும்." உருண்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார் மிஸ். "சதீஸ் வீட்டில வயல் இல்லை."

பாதை போய் முடிந்த இடத்தைப் பார்த்ததும் மாயாண்டியின் சிரிப்பு அணைந்தது. சங்கிலியின் சைக்கிள் கடை. பதினெட்டு வருடமாக இரண்டு கடைக்காரர்களும் ஒருவரையொருவர் தொழில் தெரியாதவன் என்று சொல்லிவந்தார்கள். அன்றைக்கு ஒருவர் சொன்னது உண்மையாயிற்று.

கடை நடுவே அது நின்றது. கறுப்பு மட்காட் இரண்டு. பித்தளை மணி. டைனமோ லைற். முன்னால் ஒரு கூடை. ஹாண்டிலின் இரண்டு நுனியிலும் வண்ண வண்ணக் குஞ்சங்கள். பின்னால் நெல்லுமூட்டை ஏற்றுகிற அளவுக்கு ஒரு இரும்புக் கரியர், கீழே இரட்டைக் கால் ஸ்ராண்ட். சுவிற்சர்லாந்தில் பிறந்த சைக்கிள், கல்யாணத்துக்கு வெளிக்கிட்ட சம்பந்திபோல் நின்றது.

"எப்பிடி?" என்றார் சங்கிலி பெருமையோடு. "ஒரு சாமானும் இல்லாமல் வந்துது மிஸ். மட்காட் இல்லை, மணி இல்லை, நிக்க ஸ்ராண்ட் இல்லை. இதுக்குள்ள பெரிய அநியாயம் என்னெண்டால், ரயரைக் கழட்டினால் ரியூப்பே இல்லை! பாவம், வெளிநாட்டில ஆரோ அந்தப் பெடியனை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். ரெண்டு ரியூப் புதுசாப் போட்டுவிட்டிருக்கிறன்."

மாயாண்டி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்ராண்டுக்கு எங்கை துளை போட்டனீர்?" என்று மிஸ் கேட்டார்.

சங்கிலியின் பெருமை சற்று இறங்கியது. "கீழ்க் குழாயில. ஆனால் மிஸ், துளைக்கேக்கை இரும்புத் தூள் வரேல்லை. கரித் தூள்தான் வந்துது. அதைப் பாத்ததும் கொண்டுவந்தவருக்கு முகம் செத்துப்போச்சு. மிச்சத்தை முடிச்சு வை, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டிட்டுப் போட்டார்."

"ஆர் அவர்?"

"அம்மன்ர சூடத்தில அடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டார். பேர் சொல்ல மாட்டன்."

மிஸ் வற்புறுத்தவில்லை. கரியரின் மேலே கட்டியிருந்த சின்ன மெத்தையைத் தட்டிப் பார்த்தார். ஒரு ஆள் சொகுசாகக் குந்தலாம். நீலத்துணி. மயிலின் தலையும் பாதிக் கழுத்தும்.

"மாயாண்டி," என்றார், "எலியைப் பிடிச்சாச்சு."

*

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சைக்கிள் முற்றத்துக்குள் வந்தது. மாயாண்டி ஓட்டிவரவில்லை, மரியாதையாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குழியிலும் மணி தானாக அடித்தது.

சுதாகரன் இரண்டு தரம் சுற்றிவந்தான். கீழ்க் குழாயில் துளையைக் கண்டதும் அப்படியே குந்திவிட்டான். "இது காபன் பிறேம்! துளை போட்டால் வெடிக்கும்! ஆர் இந்த விசர் வேலை பாத்தது?"

"வேற ஆர்?" விமலேஸ்வரி தாமதிக்கவில்லை. "அடையாளம் தெரியாமல் மாத்தி வித்துப்போடப் பாத்தவன். சங்கிலியும் கூட்டு. தம்பி, நீர் பொலிசுக்குப் போம்!"

"விமலா, கொஞ்சம் பொறும்," என்றார் மிஸ். "சதீஸ், விடிய ஆறு மணிக்கு நீ எங்கை நிண்டனி?"

"சொல்ல ஏலாது மிஸ்."

"நாளைக்கு உன்ர நேர்முகம் போயிடும்."

"தெரியும் மிஸ்."

"பாத்தீங்களோ! வாயே திறக்கிறானில்லை!"

"அவன் திறக்க மாட்டான்," என்றார் மிஸ், யாரையும் பார்க்காமல். "திறக்கவேண்டிய வாய் அது இல்லை."

மாயாண்டி தம் இரண்டு உதடுகளையும் பல்லுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வநாயகம் தட்டத்தைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார்.

குசினி வாசலில் இருந்து யதுர்ஷிகா இறங்கிவந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி நேரே சதீஸுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னோட நிண்டவர்," என்றாள். "வானடியில. நாரைக் குஞ்சு பாத்தனாங்கள். இண்டைக்கு மட்டுமில்லை, மூண்டு மாசமா."

விமலேஸ்வரிக்குச் சத்தம் வரவில்லை. ஊர் அதையும் அன்றுதான் பார்த்தது.

செல்வநாயகத்தின் கையிலிருந்து தட்டம் விழுந்து நாலு கிளாசும் நொறுங்கின. அவர் மகளைப் பார்த்தார், சதீஸைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"அப்ப நான் ஆருக்கடி கரியர் பூட்டினனான்?" என்று கத்தினார்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கிற்று.

"கரியரோ?" சுதாகரன் மெதுவாக எழுந்தான். "மாமா, நீங்களோ?"

"பின்னை என்ன தம்பி!" செல்வநாயகம் அழுகிற நிலையில் இருந்தார். "நீர் அந்தச் சைக்கிளில ஊர் முழுக்கத் திரியிறீர். மணி இல்லை, மட்காட் இல்லை. சனம் என்ன சொல்லும், செல்வநாயகத்தாற்ர மருமகனுக்கு ஒரு முழுச் சைக்கிள் வாங்க வக்கில்லை எண்டுதானே? அதோட நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குளம் சுத்திக் காட்டவேண்டாமோ? கரியர் இல்லாட்டி அவள் எங்கை இருக்கிறது? இரகசியமாப் பூட்டி, உமக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும் எண்டு... கரித் தூள் வந்ததும்தான் தெரிஞ்சுது, விலையான எதையோ உடைச்சுப்போட்டன் எண்டு. இஞ்ச வந்தால் நீர் களவு எண்டு கத்துறீர்."

"அதால?" என்றார் மிஸ். குரல் உயரவில்லை. "அந்தப் பெடியன்ர சீவியம் போகும் எண்டு தெரிஞ்சும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனீங்கள்."

சதீஸ் குனிந்து உடைந்த கிளாசுகளைப் பொறுக்கத் தொடங்கினான். "கால்ல குத்தப்போகுது, தள்ளி நில்லுங்க ஐயா," என்றான். அந்த 'ஐயா' செல்வநாயகத்துக்குக் கண்ணாடியைவிட ஆழமாகக் குத்தியிருக்கவேண்டும். மனிதர் விறாந்தைக் கதிரையில் போய் விழுந்து முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

சுதாகரன்தான் முதலில் சிரித்தான். குஞ்சத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், மணியை அடித்துப் பார்த்தான், பிறகு சதீஸிடம் போய் நின்று, "மச்சான், மன்னிச்சுக்கொள்," என்றான். சும்மா வாயால் சொல்லி விடவில்லை. மறுநாள் காலை பஸ்சில் சதீஸோடு கிளிநொச்சிக்குப் போய், நேர்முகம் முடியும்வரை வாசலில் காவல் இருந்தான்.

மாயாண்டிக்கு வாய் திறக்க அனுமதி கிடைத்தது பன்னிரண்டே காலுக்கு. ஒரு மணிக்குள் மாங்குளம் வரைக்கும் கதை போய்விட்டது.

சதீஸுக்கு வேலை கிடைத்தது. சுதாகரன் சுவிசுக்குத் திரும்பி, அடுத்த வருடமே தன்னோடு சைக்கிள் ஓடும் ஒரு மலையாளத் தாதியைக் கட்டிக்கொண்டான். நிழற்படம் வந்தது, பெண் நல்ல உயரம். யதுர்ஷிகாவும் சதீஸும் தை மாதத்தில் கிளிநொச்சியில் கல்யாணப் பதிவு செய்தார்கள். விமலேஸ்வரி போகவில்லை, போகவில்லை என்பதை ஊர் முழுக்கத் தாமே நடந்து சொன்னார். சதீஸுக்குப் பூவரசங்குளப் பக்கம் மாற்றம் வந்து இருவரும் அங்கே குடிபோனார்கள். அந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்றும் விமலேஸ்வரி சொல்லியிருந்தார். பேரப்பிள்ளை பிறந்தபோது, பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சின்னப் பையோடு பஸ் ஏறினார். அது எட்டு மாதத்துக்கு முன்பு.

செல்வநாயகம் இங்கே தனியாகச் சோறு காய்ச்சுகிறார். கிழமைக்கு இரண்டு தரம் மருமகனுக்குப் போன் எடுத்து, மனுசியை எப்படியாவது அனுப்பிவைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்.

"மாமியைக் கேட்டுச் சொல்லுறன் மாமா," என்கிறானாம் சதீஸ்.